சீட்டுக்கட்டுக்கு முகப் பவுடர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் சீட்டு வித்தை பற்றி வந்ததைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, விளக்கமும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் கடைசியில் ‘டிப்ஸ்’ என்று ஒரு கட்டம் கட்டி, சீட்டுக்கட்டை பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு ஸ்பூன் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டி நன்றாகக் குலுக்கினால் சீட்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடும், பெரிய மேஜிக் நிபுணர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போய்விடும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், தூசியைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் மேஜிக்கை வைத்துப் பிழைப்பவன் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், பிறந்தநாள் விழா, பள்ளி ஆண்டு விழா, தெருவில் பொங்கல் விளையாட்டுப் போட்டி என்று கூப்பிட்டால் போய் அரை மணி நேரம் செய்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். ஆனால் சீட்டு மட்டும் கல்லூரி நாளிலிருந்து கையை விட்டுப் போகாத பழக்கம். வீட்டில் டிவி பார்க்கும்போதும் கையில் ஒரு கட்டு இருக்கும், அதற்காக வாங்கிய திட்டு தனிக் கதை.

முதலில் ஒன்று. உங்கள் பக்கம் வந்த அன்றே எங்கள் மேஜிக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சிலர், ரகசியத்தை இப்படிப் பத்திரிகையில் போடலாமா என்று பொங்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பவுடர் போடுவது ரகசியமே கிடையாது, மேஜிக் சாமான் விற்கிற கடையில் ‘ஃபேன் பவுடர்’ என்று பெயர் போட்டே சின்ன டப்பாவில் விற்கிறார்கள். பவுடர் போட்ட கட்டை வாங்கிவிட்டால் யாரும் மேஜிக் நிபுணர் ஆகிவிடவும் முடியாது. ஆகவே ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டீர்கள் என்பது என் குறை இல்லை. தவறான பவுடரை, தவறான முறையில், அதுவும் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டீர்கள் என்பதுதான்.

பவுடர் எதற்கு என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். மேடையில் ஒருவர் கட்டை ஒரு கையில் பிடித்து, மறு கையால் ஒரு சுழற்று சுழற்றி, 52 சீட்டையும் வட்டமாக விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் நாங்கள் ஃபேன் என்கிறோம். 52 சீட்டுக்கு நடுவில் 51 இடைவெளி. அரை வட்டமாக விரித்தால் ஒவ்வொரு இடைவெளிக்கும் சுமார் மூன்றரை டிகிரிதான் கிடைக்கும். ஓர் இடத்தில் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு சேர்ந்து நகர்ந்தால் போதும், அங்கே ஒரு ஓட்டை விழும், அடுத்த இடத்தில் ஒரு கும்பல் நிற்கும். பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஓட்டைதான் முதலில் கண்ணில் படும். விரல் வித்தை எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு சீட்டும் அடுத்த சீட்டிடமிருந்து ஒரே அளவு எளிதாக நழுவினால்தான் விசிறி சீராக வரும். பவுடரின் வேலை அந்த ‘ஒரே அளவு’. வெறுமனே வழவழப்பாக்குவது என்று உங்கள் கட்டுரையில் இருந்தது பாதிதான் சரி. வழுக்குவது மட்டும் போதும் என்றால் வழவழ பிளாஸ்டிக் சீட்டு வாங்கிவிட்டுப் போகலாமே.

சரி, சீட்டு ஏன் ஒட்டுகிறது? முக்கியமான காரணம் நம் கைதான். விரலில் வியர்வை, அதோடு தோலில் சுரக்கிற எண்ணெய்ப் பசை, அதற்கும் மேலே சாப்பிட்ட முறுக்கின் எண்ணெய். இது சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். இரண்டு சீட்டுக்கு நடுவில் அந்த ஈரப்படலம் இருந்தால் இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரம் வேறு. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் கேட்கவே வேண்டாம், எங்கள் திருச்சியிலேயே ஐப்பசி மழையில் ஒரு வாரம் கட்டை மேசை மேல் வைத்துவிட்டால் நமத்துப்போய் வளைந்து நிற்கும். சீட்டு என்பது இரண்டு தாளை நடுவில் கறுப்புப் பசை வைத்து ஒட்டி, மேலே பூச்சு பூசியதுதான். வெளிச்சம் ஊடுருவாமல் இருக்கத்தான் அந்தக் கறுப்பு. மேற்பூச்சு இருந்தாலும் வெட்டிய ஓரம் திறந்தேதான் இருக்கிறது, ஈரம் அந்த வழியாக உள்ளே போகும்.

இந்த இடத்தில் பவுடர் என்ன செய்கிறது என்றால், அப்பளம் இடுகிறவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவு தூவுகிறார்களே, அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் எந்தப் பவுடர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் வியர்வையை உறிஞ்சுவதற்காகவே நாம் போட்டுக்கொள்வது. சீட்டில் போட்டாலும் அது அதே வேலையைத்தான் செய்யும். முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாக இருக்கும், உங்கள் கட்டுரையாளர் அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்புறம் விரல் ஈரத்தைப் பவுடர் இழுத்து, எண்ணெய்ப் பசையோடு குழைந்து, சீட்டின் நடுவிலும் ஓரத்திலும் திட்டுத்திட்டாகப் படியும். ஒரு மாலைப் பொழுது ஆடி முடித்த பிறகு அந்தக் கட்டு பவுடர் போடாத கட்டைவிட மோசமாக ஒட்டும். கறுப்பு இஸ்பேட்டும் கிளாவரும் சாம்பல் நிறமாகத் தெரியும். மல்லிகை வாசம் மட்டும் போகாது. அரிசி மாவு, சோள மாவு எல்லாம் இதைவிட மோசம். அவை ஈரம் பட்டால் பசைதான், கூடவே எறும்பும் கரப்பானும் வரும்.

அடுத்தது கேரம் போர்டு பவுடர். நீங்கள் எழுதவில்லைதான், ஆனால் நம் பிள்ளைகள் கை முதலில் போகப்போவது அங்கேதான் என்பதால் சொல்கிறேன். தெருவுக்கு ஒரு கேரம் போர்டு இருக்கிற ஊர் நம் ஊர். உலகப் பட்டத்தை இரண்டு தடவை வென்ற மரிய இருதயம் நம் சென்னைக்காரர்தான். காலங்காலமாகப் பலகையில் போட்டுவந்த அந்த வெள்ளைப் பவுடர் போரிக் அமிலம். பலகை மேல் அது உதிரியாகக் கிடந்து ஸ்ட்ரைக்கரை வழுக்க வைக்கும், அதற்கு அது அருமையான பொருள். சீட்டில் அது நிற்காது, உதிர்ந்து மடியிலும் பாயிலும் விழும். அதைவிட முக்கியம், அது வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். கரப்பானுக்கு மைதா மாவோடு சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்து வைப்பார்களே, அதில் கலப்பது இதே போரிக் பவுடர்தான். சீட்டாடிக்கொண்டே மிக்சர் சாப்பிடுகிற கையில் அது வேண்டாம். கேரம் ஆடி முடித்தாலும் கை கழுவுங்கள் என்று இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன்.

மேஜிக்காரர்கள் உண்மையில் பயன்படுத்துவது ஜிங்க் ஸ்டீரேட். தமிழில் துத்தநாக ஸ்டீரேட் என்று பாடப் புத்தகத்தில் எழுதுவார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், இதுவும் ஒரு வகை சோப்புதான். நாம் குளிக்கிற சோப்பு கொழுப்பு அமிலமும் சோடியமும் சேர்ந்தது, இதில் சோடியத்துக்குப் பதில் துத்தநாகம். அந்த ஒரு மாற்றத்தால் குணமே தலைகீழாகிவிடுகிறது. குளியல் சோப்பு தண்ணீரில் கரையும், இது கரையாது, நனையக்கூட நனையாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், மேலேயே மிதந்துகொண்டிருக்கும். மூலக்கூறில் 18 கார்பன் கொண்ட நீளமான கொழுப்புச் சங்கிலி இருக்கிறது, அதனால் அடுக்கடுக்காகப் படிந்து ஒன்றன் மேல் ஒன்று எளிதாக நழுவும். விரல் ஈரம் இதை ஒன்றும் செய்யாது. டால்கம் தோற்கிற இடத்தில் இது ஜெயிப்பது இதனால்தான்.

ரப்பர் தொழிற்சாலையில் ரப்பர்த் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இதைத் தூவுகிறார்கள், பிளாஸ்டிக் வார்ப்பில் பொருள் அச்சைவிட்டுக் கழன்று வருவதற்குப் போடுகிறார்கள், முகப்பூச்சு வகைகள் சிலவற்றிலும் சேர்க்கிறார்கள். இதன் பங்காளி மெக்னீசியம் ஸ்டீரேட், நாம் விழுங்குகிற மாத்திரைகள் பலவற்றில் இருக்கிறது. மாத்திரை அடிக்கிற இயந்திரத்தில் மருந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதைக் கொஞ்சமாகக் கலப்பார்கள். அட்டையின் பின்னாலோ உள்ளே இருக்கும் தாளிலோ சேர்க்கைப் பொருள்களின் பெயர் இருந்தால் தேடிப் பாருங்கள்.

மாத்திரையில் பங்காளியே இருக்கிறானே, அப்படியானால் இவனும் சாதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் நிறுத்திப் படிக்க வேண்டும். விழுங்குவது வேறு, மூச்சில் இழுப்பது வேறு. ஜிங்க் ஸ்டீரேட் ஒரு காலத்தில் அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் போடும் பவுடராகவே விற்றது. ஈரம் ஒட்டாது, தோலுக்கு வழவழப்பு, விற்றதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் குழந்தைகள் டப்பாவைக் கையில் வைத்து விளையாடும்போது மூடி திறந்து பவுடர் முகத்தில் கொட்டி, மூச்சோடு நுரையீரலுக்குள் போய், நுரையீரல் அழற்சியில் இறந்த சம்பவங்கள் நடந்தன. 1920-களில் அங்கே டாக்டர்கள் இதை எழுதி எழுதி எச்சரித்தார்கள். தண்ணீரில் கரையாது, நனையாது என்பதுதான் இதன் பெருமை என்று மேலே சொன்னேன் அல்லவா, நுரையீரலுக்குள் போய்விட்டால் அந்தப் பெருமையே வினையாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் அதைக் கரைத்து வெளியே கொண்டுவர முடியாது.

டால்கம் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். குழந்தைக்குப் பவுடர் போடாதீர்கள், மூச்சில் போகும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது, நம் வீட்டுப் பெரியவர்கள்தான் கேட்பதில்லை. 2024-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு டால்க்கை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்தது. ஒரு தடவை சீட்டில் போட்டதற்கு எதுவும் ஆகிவிடாது, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் ‘இரண்டு ஸ்பூன் கொட்டிப் பையில் குலுக்கு’ என்று பிள்ளையிடம் சொன்னால் அது என்ன செய்யும்? மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து, முகத்துக்கு நேரே பையைக் குலுக்கி, ஆர்வத்தில் உடனே திறந்து உள்ளே மூக்கை விடும். வீசிங் உள்ள பிள்ளையாக இருந்தால் அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். பையில் குலுக்குவது மேஜிக்காரர்களே செய்கிற முறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எவ்வளவு குறைவாகப் போடுகிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்பதெல்லாம் உங்கள் கட்டத்துக்குள் வரவில்லையே.

பெரியவர்கள் யாராவது செய்து பார்க்க ஆசைப்பட்டால் நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். பை வேண்டாம். புதுக் கட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், பழைய அழுக்குக் கட்டுக்குப் பவுடர் போடுவது குளிக்காமல் சென்ட் அடிக்கிற வேலை. ஜோக்கரையும் விளம்பரச் சீட்டையும் எடுத்துவிடுங்கள். மொட்டை மாடி அல்லது வாசல், ஆனால் காற்று வீசாத நேரம். கீழே பழைய நாளிதழை விரியுங்கள், உங்கள் பத்திரிகையாக இருந்தாலும் பரவாயில்லை. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க். கொரோனா காலத்து மாஸ்க் இன்னும் எல்லார் வீட்டு அலமாரியிலும் கிடக்கிறது, அதில் நல்லதாக இறுக்கமாக உட்காருவதாகப் பார்த்து எடுங்கள். ஒரு பஞ்சுத் துண்டில் சிட்டிகைப் பவுடரைத் தொட்டு, அதைத் தாளில் ஒரு தட்டு தட்டி, சீட்டின் ஒரு பக்கம் நீளவாக்கில் ஒரு இழுப்பு, திருப்பி மறு பக்கம் ஒரு இழுப்பு. 52-க்கும் இதேதான், அலுப்பான வேலை, குறுக்கு வழி கிடையாது. பிறகு வேறொரு சுத்தமான துணியால், பழைய பருத்தி வேட்டித் துண்டு ரொம்ப நல்லது, ஒவ்வொரு சீட்டையும் துடைத்து எடுக்க வேண்டும். துடைத்த பிறகு பவுடர் இருப்பதே கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள். கடைசியில் கட்டின் நாலு ஓரத்தையும் தாளில் மெதுவாகத் தட்டினால் ஓரத்தில் தங்கியிருப்பது உதிரும்.

அந்தத் தாளை உதறாதீர்கள், மடித்துக் குப்பையில் போட்டு, கீழே சிந்தியதை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். இந்தப் பொடி காற்றில் பறக்கும்போது தீப்பிடிக்கக் கூடியது. ஒரு சிட்டிகையில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்றாலும் அடுப்படியிலோ விளக்கு ஏற்றியிருக்கும் பூஜை அறையிலோ உட்கார்ந்து செய்ய வேண்டாம். டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அதைவிட முக்கியமாக, முகப் பவுடர் டப்பாவில் மாற்றிக் கொட்டி வைக்காதீர்கள். வீட்டில் யாராவது அவசரத்தில் எடுத்துக் குழந்தை மேல் கொட்டிவிடுவார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் பவுடர் போட்ட கட்டை எல்லா வித்தைக்கும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதுதான் வேடிக்கை. சில வித்தைகளுக்கு இரண்டு சீட்டு ஒன்றை ஒன்று விடாமல் நிற்பதுதான் வேண்டும். எந்த வித்தை, எதற்கு என்று இங்கே எழுதினால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிடுவார்கள். வழுக்கலுக்கு நேர் எதிராக, சீட்டைச் சற்றுச் சொரசொரப்பாக்குகிற திரவமே தனியாக விற்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அப்படிச் செய்த கட்டில் துளி பவுடர் பட்டாலும் அந்தக் கட்டு அவ்வளவுதான். கை மேல் கட்டை வைத்து எண்ணிக் காட்டுகிற வித்தைகளிலும் பவுடர் அதிகமானால் கட்டே கையை விட்டு நழுவி மேசையெல்லாம் சிதறும். அதனால் எங்களில் விவரமானவர்கள் விசிறிக்கென்று தனிக் கட்டு வைத்திருப்பார்கள், அதை வேறு எதற்கும் தொட மாட்டார்கள். விசிறிக் கட்டின் முதுகுப் பக்கமே வேறு மாதிரி அச்சடித்திருக்கும், ஒரு பக்கமாக விரித்தால் ஒரு நிறம், மறு பக்கமாக விரித்தால் இன்னொரு நிறம் என்று வரும். மேடையில் பார்க்க அப்படி ஒரு அழகு.

பவுடர் இல்லாவிட்டால் சீட்டு வித்தையே நடக்காது என்ற எண்ணத்தையும் உங்கள் கட்டம் உண்டாக்கிவிட்டது. கார்டினி என்று ஒரு மேஜிக் மேதை, வேல்ஸ் நாட்டில் 1895-ல் பிறந்து அமெரிக்க மேடைகளில் பேர் வாங்கியவர், 1973-ல் மறைந்தார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக் குளிரில் கையுறை போட்டுக்கொண்டே சீட்டுப் பழகினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பிற்பாடு மேடையிலும் வெள்ளைக் கையுறையோடு வந்து, விசிறி விசிறியாகச் சீட்டை வரவழைப்பார், வருவது எங்கிருந்து என்று அவருக்கே புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். துணிக் கையுறைக்குள் இருக்கிற விரலால் சீட்டைத் தனித்தனியாகப் பிரிப்பது என்றால் என்ன என்று, நம்பாதவர்கள் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு சீட்டை மேசையிலிருந்து எடுத்துப் பார்க்கட்டும்.

உங்கள் சிறுவர் பக்கத்தைப் படித்துத் தொடங்குகிற பிள்ளைக்குப் பவுடருக்கு முன்னால் நல்ல சீட்டு வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கிற விலை குறைந்த கட்டு பெரும்பாலும் கண்ணாடி மாதிரி மழமழவென்று பூச்சு பூசியிருக்கும், தொட்டுப் பார்த்தால் நல்ல வழவழப்பு, ஆனால் அந்த மழமழப்புதான் எமன். இரண்டு மழமழப் பரப்புகள் முழுக்க முழுக்க ஒன்றன் மேல் ஒன்று படிந்து, கொஞ்சம் ஈரம் கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். நல்ல சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேலே துணி நெசவு மாதிரிப் பொடிப் பொடிக் குழிகள் தெரியும். அமெரிக்காவின் பைசைக்கிள் சீட்டில் இதற்கு ஏர் குஷன் என்று பெயர். அந்தக் குழிகளில் காற்று தங்குவதால் சீட்டும் சீட்டும் தொட்டுக்கொள்கிற இடம் குறையும், பவுடர் போடாமலே நழுவும். 1880-களிலிருந்து வருகிற இந்தக் கட்டுதான் இன்றைக்கும் மேஜிக்காரர்கள் பலர் கையில் இருக்கிறது. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் ஒரு குடும்பம் சினிமாவுக்குப் போய் இடைவேளையில் பாப்கார்ன் வாங்குகிற காசுதான். பிள்ளை கை சின்னது என்றால் 63 மி.மீ. அகலச் சீட்டுக்குப் பதில் பிரிட்ஜ் அளவு என்கிற 57 மி.மீ. அகலச் சீட்டு வாங்கிக்கொடுங்கள். ஆறு மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் கட்டைப் பிடிக்க முடியாமல் அழுவதற்கும் பிடித்துச் சிரிப்பதற்கும் அது போதும்.

முழுப் பிளாஸ்டிக் சீட்டு? ரம்மி ஆட நன்றாக இருக்கும், அழுக்கானால் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். வித்தைக்கு எனக்குப் பிடிக்காது. வளைத்தாலும் உடனே பழையபடி நிமிர்ந்துகொள்ளும், தாள் சீட்டு கொடுக்கிற பிடிமானம் வராது. இது என் சொந்த அபிப்பிராயம், எங்கள் குழுவிலேயே சண்டைக்கு வர ஆள் இருக்கிறது.

மற்றபடி செலவில்லாத வேலைகள்தான். ஆடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு உட்காருங்கள், கை கழுவியவுடனே கிரீமோ எண்ணெயோ தடவாதீர்கள். சிலருக்கு உள்ளங்கை எப்போதும் வியர்க்கும், அவர்கள் பக்கத்தில் ஒரு கைத்துண்டு வைத்துக்கொண்டு அவ்வப்போது துடைத்துக்கொள்ளலாம். ஆடி முடித்ததும் கட்டைச் சேர்த்துப் பெட்டியில் போடுங்கள். மழைக்காலத்தில் ஒரு தகர டப்பாவில், செருப்பு வாங்கும்போது அட்டைப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைத்தால் நமக்காது. அந்தப் பொட்டலத்தைச் சின்னக் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது வேறு. ஒரு கட்டு ஒட்ட ஆரம்பித்துவிட்டால் அதற்கு வைத்தியம் பார்ப்பதைவிடப் பாட்டி தாத்தாவுக்குக் கழுதை ஆடக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குவது மேல்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மா, பிள்ளைகள் பக்கத்தில் போய்ச் சூதாட்டச் சீட்டைக் கற்றுக்கொடுக்கிறார்களே என்று என்னிடமே வந்து சொன்னார்கள். சீட்டுக்கட்டைக் கண்டாலே நம் ஊரில் அப்படி ஒரு பயம், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது, சீட்டில் காசைத் தொலைத்த குடும்பம் எந்தத் தெருவில்தான் இல்லை. ஆனால் அரை வட்ட விசிறியை ஒழுங்காக விரிக்கக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை தினமும் உட்கார்ந்து பழகினால் மாதக் கணக்கில் ஆகும், அத்தனை நேரமும் செல்போனில் இருக்காது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். பாதி சமாதானம் ஆனார்கள். ஆகவே இந்தப் பகுதியையே நிறுத்திவிடாதீர்கள், அதற்காக நான் எழுதவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த ‘டிப்ஸ்’ தவறு, சீட்டில் எந்தப் பவுடரும் போட வேண்டாம், ஏற்கெனவே போட்டிருந்தால் அந்தப் பையை முகத்துக்கு நேரே திறக்காமல் அப்படியே முடிந்து குப்பையில் போடச் சொல்லுங்கள் என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கடைசிப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ‘வருந்துகிறோம்’ போடுவது பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. அந்த இடத்தில் வைக்க வேறு குறிப்பு வேண்டும் என்றால், பவுடரே இல்லாமல், வீட்டில் இருக்கிற எந்தக் கட்டிலும், நமத்துப்போன கட்டில்கூட, ஒரு பிள்ளை செய்யக்கூடிய வித்தைகள் என்னிடம் சில இருக்கின்றன. படம் வரைந்து அனுப்பத் தயார், சன்மானம் வேண்டாம், என் பெயரும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
திருச்சி